ஒப்பிலக்கியக் கல்வியும் தமிழ் மாணவரும்

1. தோற்றுவாய்

மாமல்லபுரத்துக் கடற்கரையை அடுத்து, ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடைய பாறை முகம் ஒன்றில், பல்லவர் காலத்துச் சிற்பிகள் வானவரையும் முனிவரையும் வேடரையும் யானைகளையும் செதுக்கி வைத்துள்ளனர். அதன்கண் ஒற்றைக்காலில் நின்று, இரு கைகளையும் தலைமேல் உயர்த்தி, உடல் வற்றத் தவஞ்செய்யும் ஒருவனைக் காண்கின்றோம். அவன் யாவன்? பாசுபதம் வேண்டி நோற்ற அருச்சுனன் என்பர் ஒரு சாரார். கங்கையை மண்ணுலகிற்குக் கொணர நோற்ற பகீரதன் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பாரதக் கதையை மனத்துட் கொண்டு பாறையை நோக்குகின்றனர். பின்னவர் பாறையின் நடுவே அமைந்த பிளவையும், அதன்கண் ஏறிவரும் நாகர் உருவங்களையும் கண்டு, ஆற்றின் வரலாற்றை நினைவு கூர்கின்றனர். கல் ஒன்றே, ஆயினும் பார்ப்பவர் தம்மோடு கொணர்ந்த கதை வேறாதலின் கண்ட பொருளும் வேறாயிற்று.

உலக இலக்கியங்களை ஒப்புநோக்கிப் பயிலுங் கல்விக்கு இதனினும் தக்க முதற்பாடம் வேறில்லை என்று கருதுகின்றேன். என்னை? நாம் எந்நூலையும் வெறுங்கையுடன் அணுகுவதில்லை. முன்னர்ப் படித்த நூல்களை உடன்கொண்டே செல்கின்றோம். அவ்வாறு கொண்டு செல்வது யாது என்பதை அறிந்தவன் புதிய நூலைத் தெளிவாகக் காண்பான். அறியாதவன் தன் கையிலிருப்பதையே எங்கும் காண்பான். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, ஒப்பிலக்கியக் கல்வி இன்னது என்பதையும், அது தமிழ் பயில்வார்க்கு எத்துணை வேண்டற்பாலது என்பதையும், அதனைப் பயிலும் முறையையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் இளமை கூடுவாஞ்சேரியிற் கழிந்தது. மாலை வேளைகளில் என் பாட்டியார் திண்ணையில் அமர்ந்து, ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் உரைநடை நூலை வாய்விட்டுப் படிப்பார். யாங்கள் சுற்றியிருந்து கேட்போம். முதுகில் பெருஞ்சுமை தாங்கி ஓடும் அம்மனிதனை நம்மூர்ப் பெருஞ்சாலையிலேயே கண்டது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாகும். அந்நூலை இயற்றியவர் நம் நாட்டுப் போதகர் ஒருவர் என்றே பாட்டியார் நம்பியிருந்தார். யானும் அங்ஙனமே நம்பினேன். கல்லூரியிற் சேர்ந்த பின்னரே அது பெட்போர்டு என்னும் ஆங்கில நகரத்துச் சிறையில் வாடிய ஜான் பனியன் என்பாரது நூலின் மொழிபெயர்ப்பு என்பதறிந்தேன். அப்பொழுது உடன் பயிலும் நண்பர் ஒருவர், “கிறித்தவத் தமிழ் என்பதெல்லாம் இரவற் பொருள்தானே” என்று விளையாட்டாகக் கூறினார். அவர் விளையாட்டாகக் கூறினும் அச்சொல் என் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. யான் என்னுடையது என்று எண்ணி வளர்ந்தது பிறருடையதோ? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்த யான் ஒப்பிலக்கியத்தின் வாயிலில் வந்து நின்றேன்.

2. பெயரும் வரலாறும்

உலக இலக்கியம் என்னும் கருத்தைப் பலரறியச் செய்தவர் ஜெர்மானியப் பெரும்புலவராகிய கெதே என்பவர். அவர் 1827-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சீன நாட்டுக் கதைநூல் ஒன்றைப் படித்துவிட்டு, தம் அணுக்கராகிய எக்கர்மானுடன் உரையாடுகையில், இனி ஒரு நாட்டு இலக்கியம் என்பது மட்டும் போதாது, உலக இலக்கியத்தின் காலம் வந்துவிட்டது என்னும் கருத்தை வெளியிட்டனர். இக்கருத்து அவருள்ளத்தில் ஒரு நாளில் முளைத்ததன்று. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டுக் காளிதாசனின் சாகுந்தலம் அவரை ஆட்கொண்டிருந்தது. கல்கத்தாவில் நடுவராயிருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் அந்நாடகத்தை 1789-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அவ்வாங்கிலத்தினின்று 1791-இல் பார்ஸ்டர் என்பவர் ஜெர்மன் மொழியில் ஆக்கினர். மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாக வந்த அந்நூலைப் படித்தே கெதே அதனைப் புகழ்ந்து பாடினர். வடமொழியை அறியாத ஒருவர் உள்ளத்தில் வடமொழி நாடகம் ஒன்று புகுந்து வேலை செய்த விந்தையை நோக்குமின்!

‘ஒப்பிலக்கியம்’ என்னும் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஆங்கிலத்தில் நூல் யாத்தவர் பாஸ்னெட் என்பவர். அந்நூல் 1886-இல் வெளிவந்தது. நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் கவியரசர் இரவீந்திரநாத தாகூர். அவர் 1907-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் தேசியக் கல்விக் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், ஒப்பிலக்கியம் என்னும் ஆங்கிலப் பெயருக்கு நேராக ‘விசுவ சாகித்தியம்’ என்னும் பெயரை வழங்கினர். பல நாட்டு நூல்களை அருகருகே அடுக்கி வைப்பது உலக இலக்கியமாகாது என்பதும், அவை அனைத்தினும் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் மனிதனைக் காண்டலே அதன் பயன் என்பதும் அவர்தம் கருத்தாகும். அத்தேசியக் கல்விக் கழகத்தின் வழித்தோன்றலே இன்றைய ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம். அங்கேயே 1956-இல், புத்ததேவ போஸ் என்னும் வங்கக் கவிஞரின் முயற்சியால் இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறை நிறுவப்பெற்றது. வித்து விழுந்த நிலத்திலேயே மரமும் வளர்ந்தது என்க.

3. தமிழகத்தில் இக்கல்வி

இனி, தமிழகத்தில் ஒப்புநோக்குக் கல்வி முதலில் மொழியாராய்ச்சியாக வந்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டமை யாவரும் அறிந்ததே. இலக்கணத்திற் பயன்பட்ட முறை பின்னர் இலக்கியத்திற்கும் பரவலாயிற்று.

இவ்விடத்து நம் பகுதியோடு தொடர்புடைய பெரியார் ஒருவரை நினைத்தல் தகும். கூடுவாஞ்சேரியினின்று செங்கற்பட்டு நோக்கிப் புகைவண்டியிற் செல்வோர் காட்டாங்குளத்தூரைக் கடந்ததும் மறைமலைநகர் என்னும் நிலையத்தைக் காண்பர். அவ்வூர் தாங்கி நிற்கும் பெயர் மறைமலையடிகளுடையது. அடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கினர். அக்காலத்திலேயே, 1907-இல், காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியினின்று தமிழில் ஆக்கி வெளியிட்டனர். ஆங்கில எழுத்தாளர் அடிசன் என்பாரின் கட்டுரைகளைத் தழுவிச் ‘சிந்தனைக் கட்டுரைகள்’ எழுதினர். பின்னர் 1916 முதல் தனித்தமிழ் இயக்கத்திற்குத் தலைமை பூண்டவரும் இவரே. தமிழின் தனிமையை நாட்ட விழைந்த ஒருவர், முதலில் வடமொழியையும் ஆங்கிலத்தையும் ஆழக் கற்றிருந்தமை நாம் மறவாது போற்றற்பாலது. பிறமொழியை நன்கு அறிந்தவர்க்கே தம் மொழியின் தனித்தன்மை புலனாகின்றது. வைமார் நகரத்துக் கெதேயின் உள்ளத்தைக் கவர்ந்த அதே நாடகம், பல்லாவரத்து அடிகளின் வழியாக நம் இருப்புப்பாதை ஊர்களுக்கும் வந்து சேர்ந்ததென்றால், உலக இலக்கியம் என்பது தொலைவிலுள்ள பொருள் என்று நாம் எங்ஙனம் கூறுவது?

அடிகளுக்குப் பின் வ. வே. சு. ஐயர் கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டன் முதலிய பெருங்காப்பியப் புலவரோடு வைத்து ஆங்கிலத்தில் ஆராய்ந்தனர். அவர் 1925-இல் மறைந்தனர். அவ்வாராய்ச்சி 1950-இல் நூலாக வெளிவந்தது. ஈழத்துத் தமிழராகிய சேவியர் தனிநாயக அடிகள், சங்கப் பாடல்களின் இயற்கையைக் கிரேக்க இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டதோடு அமையாது, 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழையும் தொடங்கினர். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றவரும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. அவரை அடுத்து யாழ்ப்பாணத்துக் கைலாசபதி, சங்க வீரநிலைப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய நாடுகளின் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1968-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டே ‘ஒப்பியல் இலக்கியம்’ என்னும் தமிழ் நூலையும் அவர் அளித்தனர்.

இவர் யாவரும் ஒரே வகையில் ஒப்பிட்டவரல்லர். ஐயர் அவர்கள் கம்பன் பிற காப்பியப் புலவரை விஞ்சி நிற்கின்றான் என்று தீர்ப்பு வழங்க விரும்பினர். அவர்தம் காலத்தில் தமிழை ஏளனஞ் செய்தார்க்கு அத்தீர்ப்பு தக்க விடையாக அமைந்தது. கைலாசபதி அவர்களோ எது உயர்ந்தது என்று கேளாமல், எவ்வகைச் சமுதாயம் எவ்வகைப் பாடலைத் தோற்றுவிக்கின்றது என்று கேட்டனர். இவ்விரு வினாக்களுள் இற்றை மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவது பின்னதே என்பது என் துணிபு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன்.

4. இரண்டு ஓடங்களும் ஓர் அன்னமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தலைவராயிருந்த மில்லர் துரைமகனாரும், அங்குத் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் என்னும் சூரியநாராயண சாத்திரியாரும் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகின்றது. டெனிசன் என்னும் ஆங்கிலப் புலவர் ஆர்தர் மன்னனின் முடிவைப் பாடுங்கால், அவனைத் தாங்கிச் செல்லும் ஓடத்தை அன்னத்திற்கு உவமித்த நயத்தை மில்லர் வியந்தனராம். உடனே கலைஞர், கம்பர் குகப் படலத்தில் இராமனைத் தாங்கிச் செல்லும் ஓடத்திற்கு அன்னத்தின் நடையைக் கூறியிருத்தலை எடுத்துக்காட்டினராம். தலைவர் பெரிதும் மகிழ்ந்தனர் என்று கூறுவர்.

இச்செய்தியைக் கேட்குந்தோறும் தமிழ் மாணவராகிய நாம் தோள் பூரிக்கின்றோம். பூரிக்கட்டும், குற்றமில்லை. ஆயினும், “எம்மிடத்தும் உண்டு, உமக்கு முன்னரே உண்டு” என்று கூறி எழுந்து சென்றுவிட்டால், நாம் கற்றது யாது? ஒற்றுமையைக் கண்ட இடத்தில் ஒப்புநோக்கு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகின்றது. ஆதலின் மேலும் சில வினாக்களைக் கேட்போம்.

டெனிசனின் ஓடத்திலிருப்பவன் போரிற் புண்பட்டுச் சாகுந் தறுவாயிலுள்ள மன்னன். மேலைநாட்டு மரபில் அன்னம் என்பது இறக்கும் முன் இனிது பாடும் பறவை. ஆதலின் அப்புலவர் அன்னத்தைக் கூறும்பொழுது அதன் மரணப்பாடலையும் உடன் கூறுகின்றனர். ஓடத்தின் வடிவிற்கு மட்டுமன்றி, ஓர் அரசின் முடிவிற்கும் அவ்வன்னம் உவமையாகின்றது. கம்பரின் அன்னமோ பாடுவதில்லை. நம் மரபில் அன்னம் நடையழகிற்குப் பெயர்பெற்றது. பாலையும் நீரையும் பிரிக்குந் தூய்மை உடையது. கம்பரின் ஓடத்திலிருப்பவன் இறப்பவனல்லன். அரசைத் துறந்து கங்கையைக் கடந்து காடு புகுபவன். அவனுக்கு அஃது ஒரு தொடக்கம். எனவே ஓடம் விரைந்து செல்லினும் அன்னத்தின் மென்னடை கெடாது செல்கின்றது. துயரம் ஓடத்தில் இல்லை. கரையில் நின்று நெருப்பிலிட்ட மெழுகுபோல் உருகும் மறையோரிடத்து உள்ளது. டெனிசனிலும் கரையில் ஒருவன் நிற்கின்றான். மன்னனின் கடைசி வீரனாகிய அவன் தன்னந்தனியனாய், பழைய நாட்களை நினைந்து நெடிது நிற்கின்றான்.

பறவை ஒன்று, ஓடம் இரண்டு, கரையில் நிற்போர் நிலையும் இரண்டு. இங்கே கம்பர் உயர்ந்தவரா, டெனிசன் உயர்ந்தவரா என்று வினவுவது பொருளற்றதாகின்றது. இரண்டையும் அருகருகே வைத்ததனால், ஆங்கில அன்னம் ஏன் பாடுகின்றது என்பதும், தமிழன்னம் ஏன் நடக்கின்றது என்பதும் விளங்கின. கம்பரைத் தனியே படித்த பொழுது, ‘அன்னம்’ என்னுஞ் சொல்லை வழக்கமான உவமை என்று எண்ணி யான் கடந்து சென்றிருந்தேன். டெனிசனைப் படித்துத் திரும்பிய பின்னரே அவ்விடத்தில் நின்று பார்த்தேன். பிற இலக்கியக் கல்வி நமக்குச் செய்யும் பேருதவி இதுவே.

5. பனியனும் கிருட்டிண பிள்ளையும்

இனி, என் உள்ளத்தில் தைத்த முள்ளிற்கு வருகின்றேன். பனியனின் நூலைத் தமிழில் உரைநடையாகப் பெயர்த்ததோடு நம்மவர் நின்றுவிடவில்லை. எச். ஏ. கிருட்டிண பிள்ளை அதனைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியத்தை 1894-இல் வெளியிட்டனர். ‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றப்பெறும் அப்பெருமகனார் 1827-இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் வைணவக் குடியிற் பிறந்தவர், 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர், 1900-இல் மறைந்தவர். அவர்தம் காப்பியம் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்டது. இது இரவற் பொருளா? ஒப்பிட்டுக் காண்போம்.

பனியன் 1628-இல் பிறந்தவர். பாத்திரங்களைச் செப்பனிடும் எளிய தொழிலாளி. இசைவுச் சீட்டின்றிப் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவர். அவரது நூலின் முதற்பகுதி 1678-இல் வெளிவந்தது. அதன் நடை உழவரும் கம்மியரும் பேசும் ஆங்கிலம். பாத்திரங்களின் பெயர்கள் அவர்தம் பண்புகளே. அழிவு நகரத்தினின்று புறப்பட்ட பயணி, இடர்கள் பல கடந்து சிலுவையண்டை வந்து நிற்கின்றான். அவன் முதுகுச்சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் வீழ்ந்து மறைகின்றது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைப் பனியன் மிகச் சில வரிகளில் முடித்துவிடுகின்றனர்.

கிருட்டிண பிள்ளையோ அவ்வாறு முடிக்கவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என ஒரு படலம் வகுத்து, கிறித்து பெருமான் பட்ட பாடுகளை உருக்கமாக விரித்துப் பாடுகின்றனர். மூலத்தில் இல்லாத இவ்விரிவு எதற்கு? மொழிபெயர்ப்பு என்னும் அளவுகோலால் அளப்பவர் இதனை மிகை என்பர். ஒப்புநோக்கு என்னுங் கண்ணால் காண்பவர்க்கு இரண்டு காரணங்கள் புலப்படும்.

ஒன்று, கேட்போரின் வேறுபாடு. பனியனின் வாசகர் கிறித்துவின் வரலாற்றைத் தாய்ப்பாலோடு உண்டவர். சிலுவை என்னும் ஒரு சொல்லே அவர்க்கு அமையும். கிருட்டிண பிள்ளையின் காலத்துத் தமிழருட் பெரும்பாலோர் அவ்வரலாற்றைப் புதிதாகக் கேட்பவர். அவர்க்குச் சுமை வீழ்ந்தது என்று கூறுமுன், வீழ்த்தியவர் யார் என்று கூறல் வேண்டும்.

மற்றொன்று, இலக்கிய மரபின் வேறுபாடு. பெருங்காப்பியம் தனக்கு ஒப்பில்லாத தலைவனைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் முதலிய நூல்கள் கூறும் இலக்கணம். பனியனின் பயணியோ கந்தை உடுத்து, பாவச்சுமை தாங்கி, அழுதுகொண்டு ஓடும் எளிய மனிதன். உன்னையும் என்னையும் போன்ற ஒருவன் என்பதே அவன் சிறப்பு. இவனைக் காப்பியத் தலைவனாக்கினால் தமிழிலக்கணம் குறைவுறும். இவனை மன்னனாக்கினால் பனியனின் கருத்து அழியும். இவ்விடுக்கணைக் கிருட்டிண பிள்ளை எங்ஙனம் கடந்தனர்? பயணியைப் பயணியாகவே விட்டு, ஒப்பற்ற தலைவனுக்குரிய இடத்தில் ஆண்டவரையே எழுந்தருளச் செய்தனர் என்பது என் கருத்து. இங்ஙனமாக, நடப்பவன் ஒருவனும் நடத்துபவர் ஒருவருமாகக் காப்பியம் இரண்டு நிலையில் அமைகின்றது. இந்த அமைப்புப் பனியனிடத்து இல்லை. கம்பரை ஓதி வளர்ந்த ஒருவர்க்கே தோன்றக்கூடியது.

மேலும், பனியனின் பயணி வழிநடையில் இடையிடையே சிறு பாடல்களைப் பாடுகின்றான். அவை பெரும்பாலும் நடந்ததைத் தொகுத்துக் கூறும் அறிவுரைகள். அவ்விடங்களில் தமிழ்ப்புலவர்க்கு நினைவு வந்தது தேவாரம். ஆதலின் தம் காப்பியத்தின் இடையே தேவார முறையிற் பதிகங்களை அமைத்தனர். சைவமும் வைணவமும் பல நூற்றாண்டுகளாகப் பண்படுத்திய பத்தி மொழி, கிறித்தவ வழிபாட்டிற்கும் உரியதாயிற்று. அவர் சமயம் மாறியபொழுது தம் தமிழை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே புகவில்லை, உடன்கொண்டே புகுந்தனர்.

ஆகவே என் நண்பர்க்கு யான் கூறும் விடை இதுவாகும். கதை கடனாகப் பெற்றதே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. கம்பரும் வான்மீகத்தினின்று கதை பெற்றவரே. ஷேக்ஸ்பியரும் தம் நாடகக் கதைகளுட் பலவற்றைப் பிறர் நூல்களினின்று எடுத்தவரே. கடன்பெற்றது யாது என்று கேட்பதோடு நில்லாமல், பெற்றதை என் செய்தனர் என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தருவது ஒப்பிலக்கியம் ஒன்றே.

6. பயில்வோர்க்குச் சில நெறிகள்

இதுவரை கண்டவற்றினின்று, உடன் பயிலும் மாணவர்க்குப் பயன்படக்கூடிய நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூற முயல்வேன்.

முதலாவது, தன் மொழியிலக்கியத்தில் ஒரு நூலையேனும் முழுதும் கற்றிருத்தல் வேண்டும். வீட்டில் நெல் இல்லாதவன் அண்டை வீட்டு நெல்லை அளந்து பயனில்லை. கம்பரைப் பொறுக்குமணிகளாக மட்டும் அறிந்தவன் ஹோமரோடு அவரை ஒப்பிடப் புகுதல் கூடாது.

இரண்டாவது, கூடுமாயின் பிறமொழி நூலை அம்மொழியிலேயே பயிலுக. கூடாதாயின் நல்ல மொழிபெயர்ப்பைக் கொள்ளுக. ஆனால் அது மொழிபெயர்ப்பு என்பதை மறவாதிருக்க. இயலுமிடத்து ஒரே நூலின் இரண்டு மொழிபெயர்ப்புக்களை அருகருகே வைத்துப் படித்தல் நன்று. போப்பையர் திருக்குறளை 1886-இல் ஆங்கிலச் செய்யுளாக ஆக்கினர். வ. வே. சு. ஐயர் 1916-இல் உரைநடையாகப் பெயர்த்தனர். ஒரே குறளை இவ்விருவரிடத்தும் காணின், செய்யுள் எதைக் காத்தது, எதை இழந்தது என்பது புலனாகும்.

மூன்றாவது, ஒற்றுமையைக் கண்டவுடன் கடன் என்று துணியற்க. மக்கள் வாழ்க்கை எங்கும் ஒத்திருத்தலின் ஒத்த கருத்துக்கள் தாமே தோன்றுதலும் உண்டு. டெனிசன் கம்பரைப் படித்தவரல்லர். கிருட்டிண பிள்ளை பனியனைப் படித்தவர். முன்னது தற்செயல் ஒப்புமை. பின்னது வரலாற்றுத் தொடர்பு. இவ்விரண்டனையும் வேறு வேறாக வைத்து ஆராய்தல் வேண்டும்.

நான்காவது, ஒரு மரபின் இலக்கணத்தை மற்றொரு மரபின்மேல் ஏற்றற்க. சங்கப் பாடல்களில் நெடுங்கதை இல்லை என்று குறைகூறுதல், கிரேக்க நாடகத்தில் ஐந்திணை இல்லை என்று குறைகூறுதலை ஒக்கும். ஒவ்வொரு நூலும் எதனைச் செய்ய முயன்றதோ அதனைக் கொண்டே அதனை மதித்தல் வேண்டும். அதன்பின் இரண்டு முயற்சிகளையும் ஒருங்கு நோக்குக.

ஐந்தாவது, தாழ்வெண்ணமும் தற்பெருமையும் ஆகிய இரண்டு நோய்களினின்றும் விலகுக. ஆங்கிலத்தில் உள்ளதெல்லாம் உயர்ந்தது என்பதும், எல்லாம் எம்மிடத்து முன்னரே உள்ளது என்பதும் வெளித்தோற்றத்தில் மாறுபட்டவை போலத் தோன்றினும், உண்மையில் ஒரே நோயின் இரு கூறுகளேயாம். இரண்டும் நூலைப் படிப்பதினின்று நம்மைத் தடுக்கின்றன.

7. முடிவுரை

சென்ற விடுமுறையில் கூடுவாஞ்சேரிக்குச் சென்றிருந்த பொழுது, பனியனின் சிலுவைப் பகுதியைத் தமிழிற் கூறியும், இரட்சணிய சரிதப் படலத்தினின்று சில பாடல்களைப் படித்துப் பொருள் விளக்கியும் என் பாட்டியார்க்குக் கேட்பித்தேன். ‘மோட்சப் பிரயாணம்’ எழுதியவர் நம் நாட்டவரல்லர் என்பதையும் தயங்கித் தயங்கிக் கூறினேன். அவர் வருந்துவார் என்று எண்ணினேன், வருந்தவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, “ஏம்ப்பா, அந்தச் சீமைக்காரர் கதையை நம்ம பிள்ளைவாள் கேட்டுப் பாட்டாப் பாடிட்டார். நம்ம பிள்ளைவாள் பாட்டை அந்த ஊர்க்காரங்க கேட்டாங்களா?” என்று வினவினார்.

யான் விடை கூற இயலாது நின்றேன். எழுத்தறிவு மட்டுமே பெற்ற அம்மூதாட்டியார் கேட்ட வினா, ஒப்பிலக்கியம் முழுவதற்குமே கேட்கத்தக்க வினாவாகும். ஒப்புநோக்கு என்பது பெரும்பாலும் ஒரு வழிப்பாதையாகவே இருந்து வருகின்றது. நாம் ஹோமரையும் தாந்தேயையும் ஷேக்ஸ்பியரையும் அறிந்து, அவர்தம் ஒளியில் நம் புலவரைக் காண்கின்றோம். நம் புலவரின் ஒளியில் ஹோமரையும் பனியனையும் காணும் வாய்ப்பைப் பிறநாட்டார்க்கு நாம் எத்துணை அளித்திருக்கின்றோம்? போப்பையரும் தனிநாயக அடிகளும் அப்பணிக்கு வழிகாட்டிச் சென்றனர். அதனைத் தொடர்தற்கு ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயிலும் கல்லூரி மாணவரினும் தக்கார் யாவர்?

ஆதலின், நண்பர்காள்! பிறமொழி நூல்களை அஞ்சாது பயில்வோம். கற்றவற்றைக் கொண்டு நம் நூல்களைப் புதிய கண்ணால் காண்போம். கண்டவற்றைத் தமிழறியாதார்க்கும் விளங்குமாறு எடுத்துரைக்கத் தகுதி பெறுவோம். கிருட்டிண பிள்ளையின் சில பாடல்களையேனும் ஆங்கிலத்திற் பெயர்த்துப் பார்க்கும் சிறு முயற்சியை யான் தொடங்கியுள்ளேன். என் ஆற்றல் சிறிது என்பதை அறிவேன். ஆயினும் பாட்டியாரின் வினாவிற்கு வேறு எவ்வகையில் விடையளிப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் மாணவ நண்பர் இருவர் மூவர் உடன் சேரின், அடுத்த ஆண்டு மலரில் அதன் பயனைக் காணலாம்.